‘சொல்லி வேலையில்லை’ பாராட்டா, குறையா? பாடக் காணொளிகளின் பின்னூட்டங்களை ஆராயப் புகுவோருக்கு

உயர்தர வகுப்பு இரசாயனவியல் பாடங்களை யூடியூபில் ஏற்றும் ஆசிரியர் ஒருவர் ஒருநாள் காலை என்னைத் தொலைபேசியில் அழைத்தார். குரலில் சுரத்தே இல்லை. அவருடைய பழைய மாணவர் ஒருவர், பாடத்துக்குக் கீழே வந்த பின்னூட்டங்களையெல்லாம் ஏதோ ஒரு தானியங்கிக் கருவிக்குள் போட்டுப் பார்த்து, பாதிக்கு மேல் எதிர்மறை என்று சொல்லிவிட்டாராம். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குப் போகும் வழியில் அவர் வீட்டில் இறங்கி அந்தப் பட்டியலை வாங்கிப் பார்த்தேன். சிவப்பு நிறம் தீட்டியிருந்த முதல் மூன்று இவை: "சேர் படிப்பித்தால் சொல்லி வேலையில்லை." "நாளைக்குச் சோதனை, இப்போதுதான் விளங்குகிறது." "அந்தமாதிரி சேர்."

யாழ்ப்பாணத்துப் பிள்ளை எவரும் இந்த மூன்றையும் வாசித்துச் சிரித்துவிட்டுப் போவார். ‘சொல்லி வேலையில்லை’ என்பது சொல்லுக்குள் அடங்காத பாராட்டு. ‘சோதனை’ இங்கே பரீட்சை. துன்பமல்ல (துன்பமும்தான் என்பது வேறு கதை). ‘அந்தமாதிரி’ என்றால் இங்கே அபாரம். கடலைத் தாண்டினால் அதே சொல்லுக்கு முகம் சுளிக்க வைக்கும் பொருளும் உண்டு. கருவி ‘இல்லை’யைக் கண்டது, ‘சோதனை’யைக் கண்டது, தீர்ப்பு எழுதிவிட்டது.

கல்வி சார்ந்த காணொளிகளுக்கும் உரைகளுக்கும் வரும் பின்னூட்டங்களை ஒழுங்காக வாசிக்க விரும்புவோருக்காக இதை எழுதுகிறேன். இறுதியாண்டு ஆய்வுக்கு இந்தத் தலைப்பை எடுத்த பல்கலைக்கழக மாணவர், தம் பாடங்களை இணையத்தில் ஏற்றும் ஆசிரியர், சனசமூக நிலையத்தின் உரைத்தொடரைப் பதிவுசெய்து போடுபவர் எல்லோருக்கும் இது பயன்படும். கணினி நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை; அது தேவைப்படும் ஓரிரு இடங்களில் தெரிந்தவரைக் கேட்டுக்கொள்ளலாம். ஒரு விரிதாளும், சண்டை பிடிக்கத் தயங்காத ஒரு நண்பரும், நான்கைந்து மாலைப்பொழுதுகளும் போதும். கீழே மேற்கோள் காட்டும் பின்னூட்டங்களைப் பேச்சுவழக்கிலிருந்து எழுத்து வழக்குக்கு மாற்றி, சொற்களையும் சற்று அசைத்திருக்கிறேன். அதற்கும் ஒரு காரணம் உண்டு, பிறகு வரும்.

முதலில் கேள்வி

என்ன அறியப் போகிறோம் என்பதை ஒரே வசனத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். ‘மக்கள் என்ன நினைக்கிறார்கள்?’ என்பது கேள்வியே அல்ல. ‘பாடத்தின் எந்த இடத்தில் பிள்ளைகள் தடுமாறினார்கள்?’ என்பது கேள்வி. ‘விரிவுரையாளர் ஆங்கிலக் கலைச்சொல்லை அப்படியே சொன்னபோது கேட்டவர்கள் அதை எப்படி எடுத்துக்கொண்டார்கள்?’ அதுவும் கேள்வி. இதை எழுதாமல் தொடங்குபவர்கள் எல்லோரும் கடைசியில் நேர், எதிர், நடுநிலை என்ற மூன்று பெட்டிகளோடு வந்து நிற்கிறார்கள். சவர்க்காரம் விற்பவருக்கு அந்த மூன்று பெட்டிகள் போதும். படிப்பிப்பவருக்குப் போதாது.

சேகரித்தல்

சில நூறு பின்னூட்டங்கள்தான் என்றால் கையால் பிரதியெடுத்து விரிதாளில் ஒட்டுங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் ஒட்டும்போதே பாதியை வாசித்துவிடுவீர்கள். ஆயிரக்கணக்கில் இருந்தால் யூடியூப் தரும் ஏபிஐ (நிரல் மூலம் தரவைக் கேட்டுப் பெறும் வாசல்) வழியாக எடுக்கலாம். ஓர் அழைப்புக்கு அதிகபட்சம் 100 பின்னூட்டத் தொடர்கள் வரும். நாளொன்றுக்கு வழக்கமாகக் கிடைக்கும் 10,000 அலகு ஒதுக்கீடு ஒரு மாணவ ஆய்வுக்குத் தாராளம்.

கையால் எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பக்கத்தைத் திறந்தவுடன் தெரிவது யூடியூப் தானே தேர்ந்து மேலே தூக்கி வைத்த வரிசை. அதிலிருந்து முதல் நூறை எடுத்தால் கூட்டத்தின் குரலை எடுத்ததாகாது. முன்வரிசையில் இருந்தவர்களின் குரலை எடுத்ததாகும். ‘புதியவை முதலில்’ என்று வரிசையை மாற்றிவிட்டு எல்லாவற்றையும் எடுங்கள். பிறகு ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுமானமான (குருட்டாம்போக்கில் வரும்) எண்ணைக் கொடுத்து, அந்த எண்ணின்படி வரிசைப்படுத்தி, மேலிருந்து வேண்டிய அளவை வெட்டியெடுங்கள். 400 எடுத்தால் உங்கள் சதவீதங்கள் ஏறத்தாழ ஐந்து புள்ளி அங்கும் இங்குமாகப் பிசகலாம். 1,000 எடுத்தால் மூன்று புள்ளி. மொத்தமே 40 பின்னூட்டங்கள்தான் என்றால் சதவீதம் என்ற சொல்லையே மறந்துவிட்டு, நாற்பதையும் வாசித்து எழுதுங்கள். நாற்பது பேர் சொன்னதைக் ‘37.5 சதவீதம்’ என்று அச்சிடும் ஆய்வேட்டைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது.

கண்ணில் படாதவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். சேனல்காரர் நீக்கிய பின்னூட்டம் உங்களுக்குக் கிடைக்காது. 2021 நவம்பரில் யூடியூப் ‘விருப்பமில்லை’ எண்ணிக்கையைப் பொதுப் பார்வையிலிருந்து எடுத்துவிட்டது. ஆனால் சேனலின் சொந்தக்காரருக்கு அது இன்னமும் தெரியும்; அறிமுகமான ஆசிரியர் என்றால் கேட்டு வாங்குங்கள். பேஸ்புக்கில் 2016 பெப்ரவரி முதல் விருப்பத்தோடு அன்பு, சிரிப்பு, வியப்பு, சோகம், கோபம் என்ற குறிகளும் இருக்கின்றன. அதில் சிரிக்கும் முகத்தை மட்டும் தனியே வைத்து ஆராயுங்கள். ஆசிரியர் சொன்ன பகிடிக்குச் சிரித்தவரும் ஆசிரியரைப் பார்த்துச் சிரித்தவரும் அழுத்துவது ஒரே பொத்தானைத்தான்.

நேரத்தையும் சேர்த்து எடுங்கள். கருவிகள் தரும் நேரம் பெரும்பாலும் உலகப் பொதுநேரம்; இலங்கை நேரத்துக்கு 5 மணி 30 நிமிடம் கூட்ட வேண்டும். இரவு பதினொரு மணிக்கு வந்த பின்னூட்டம் சோதனைக்கு விழித்திருக்கும் பிள்ளையுடையதாக இருக்கலாம். ரொறன்ரோவில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கைத்தொலைபேசியைப் புரட்டும் மாமாவுடையதாகவும் இருக்கலாம். ஒருவருக்கு அந்தப் பாடம் நாளைய வாழ்க்கை, மற்றவருக்கு ஊர் நினைவு. இருவரும் ‘அருமை’ என்றுதான் எழுதுவார்கள்.

துடைத்தல், ஆனால் அதிகம் துடைக்காமல்

சேமித்த கோப்பை எக்செல்லில் திறந்தவுடன் தமிழெல்லாம் குப்பையாகத் தெரிந்தால் பதற வேண்டாம். கோப்பை இரட்டை அழுத்தத்தால் திறக்காமல், தரவு இறக்குமதி வழியாகத் திறந்து, குறியாக்கத்தில் 65001 என்ற எண்ணுடன் இருக்கும் யுடிஎஃப்-8ஐத் தேர்ந்தெடுங்கள். எழுத்து வந்துவிடும். பழைய பேஸ்புக் பதிவுகளில் இடைக்கிடை ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த புரியாத வரிகள் வரும். அவை பெரும்பாலும் பாமினி எழுத்துருவில் அடித்து ஒட்டியவை. இணையத்தில் உள்ள மாற்றிகளில் போட்டு யுனிகோடுக்குக் கொண்டுவாருங்கள்.

இன்னொரு நுணுக்கம் உண்டு. ‘கொ’ என்ற எழுத்தைக் கணினியில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: கொம்பும் காலும் ஒரே குறியாக, அல்லது கொம்பு தனியாகவும் கால் தனியாகவும். நம் கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. ‘ஔ’வை ஒருவர் ஒரே எழுத்தாக அடிப்பார், இன்னொருவர் ஒகரத்தையும் ளகரத்தையும் சேர்த்து அடிப்பார். தேடலில் ‘ஏன் பாதிதான் கிடைக்கிறது?’ என்று மண்டையை உடைக்குமுன் எழுத்தை இயல்பாக்கும் என்எஃப்சி முறையை ஒருமுறை ஓடவிடுங்கள். கொம்பும் காலும் சேர்ந்துவிடும். ‘ஔ’ சேராது, அதை ‘தேடி மாற்று’ வசதியால் நீங்களே மாற்ற வேண்டும்.

இதற்கு மேல் துடைக்காதீர்கள். இமோஜிகளையும், இழுத்து எழுதிய எழுத்துகளையும், புள்ளிகளையும் குப்பை என்று எறியச் சொல்லும் வழிகாட்டிகள் நிறைய இருக்கின்றன. ‘நன்றிஇஇஇ’ என்பதில் கூடுதலாக இருக்கும் இகரங்கள்தான் உணர்ச்சி. அவற்றை வெட்டிவிட்டால் மிஞ்சுவது மரியாதை மட்டும். ‘சரி’ என்பதும் ‘சரி...’ என்பதும் ஒன்றல்ல. கூப்பிய கை நன்றியாகவும் இருக்கும், ‘ஆளை விடுங்கள்’ என்ற கும்பிடாகவும் இருக்கும்.

எழுத்து எது என்பதற்கு விரிதாளில் ஒரு நிரல் வையுங்கள்: தமிழ் எழுத்தில் தமிழ், ஆங்கில எழுத்தில் தமிழ், ஆங்கிலம், கலப்பு. ஆங்கில எழுத்தில் எழுதுபவர்களுக்குப் பொது எழுத்துக்கூட்டல் கிடையாது. ‘நன்றி’ என்ற ஒரு சொல்லையே நடுவில் ‘டி’ போட்டு எழுதுபவர், போடாமல் எழுதுபவர், கடைசி இகரத்தை ‘ஒய்’யால் முடிப்பவர் என்று பல விதம். தமிழ் எழுத்திலும் குழப்பம் குறைவில்லை. இங்கே ‘ரியூசன்’, ‘யூரியூப்’ என்று எழுதுவோம். தமிழ்நாட்டுப் பார்வையாளர் ‘டியூஷன்’, ‘யூடியூப்’ என்று எழுதுவார். இந்த வேறுபாட்டை மாற்றிச் சீராக்க வேண்டாம். பின்னூட்டம் எந்தக் கரையிலிருந்து வருகிறது என்பதற்கு உங்களிடம் இருக்கும் ஒரே தடயம் சிலவேளை அதுதான்.

பெட்டிகள்

என் முறையில் ஒவ்வொரு பின்னூட்டத்துக்கும் இரண்டு கேள்விகள். முதலாவது, இது என்ன செய்கிறது? இரண்டாவது, யாரை அல்லது எதை நோக்கிச் செய்கிறது? உணர்ச்சி நல்லதா கெட்டதா என்பதை மூன்றாவதாகத்தான் கேட்கிறேன். பல நேரங்களில் அந்தக் கேள்வி தேவைப்படுவதே இல்லை.

என்ன செய்கிறது என்பதற்கு நான் பயன்படுத்தும் பெட்டிகள்: நன்றி, பாராட்டு, கேள்வி, திருத்தம், நொட்டை, நக்கல், வரவு வைத்தல். கடைசியில் உள்ளது ‘2026 உயர்தரம் யார் யார் இருக்கிறீர்கள்?’ போன்றவற்றுக்கு. அதில் பாடத்தைப் பற்றி ஒன்றுமில்லை, கூட்டத்தில் ‘நானும் இருக்கிறேன்’ என்று கை தூக்குவது மட்டும்தான்.

நன்றியையும் பாராட்டையும் ஏன் பிரிக்கிறேன்? ‘நன்றி சேர்’ என்பது படலையடியில் நின்று ‘வீட்டுக்காரர்!’ என்று குரல் கொடுப்பதைப் போன்றது. அது ஒழுங்கு. கொடுக்காவிட்டால்தான் குறை. அதை மகிழ்ச்சிக் கணக்கில் எழுதினால், ஒலி கேட்காத காணொளிகூட வெற்றிக் காணொளியாகிவிடும். பாராட்டு என்றால் ஏதாவது ஒன்றைச் சுட்ட வேண்டும்: ‘அந்தச் சமன்பாட்டைப் படமாக வரைந்து காட்டியது நல்லது’ என்பது பாராட்டு.

கேள்வியில்தான் புதியவர்கள் அதிகம் வழுக்கி விழுகிறார்கள். ‘விளங்கவில்லை சேர், இன்னொருமுறை சொல்லுங்கள்’ என்பதைக் கருவி எதிர்மறை என்னும். அவசரக்கார மாணவரும் அப்படியே என்பார். உண்மையில் ஓர் ஆசிரியருக்கு இதைவிடப் பெரிய நம்பிக்கைச் சான்று கிடையாது. நம்பிக்கை இழந்த பிள்ளை எழுத மாட்டாள். அடுத்த சேனலுக்குப் போய்விடுவாள். இந்தப் பெட்டியில் விழுபவை எல்லாவற்றுக்கும் எதிரே, பாடத்தின் எந்த நிமிடத்தைப் பற்றியது என்பதையும் குறித்துவையுங்கள். பின்னால் பொன்னாகப் பயன்படும்.

திருத்தத்துக்கும் நொட்டைக்கும் எளிய சோதனை ஒன்று: சரியானது எது என்று எழுதியவர் சொல்லியிருக்கிறாரா? சொல்லியிருந்தால் திருத்தம். ‘பிழை’ என்று மட்டும் போட்டுவிட்டுப் போனால் நொட்டை.

திருத்தங்களைக் குறையாக எண்ணிவிடக் கூடாது என்பதற்கு இயற்பியலில் நல்ல உதாரணம் உண்டு. நம் பாடநூல்களில் ‘கதி’ என்பது திசையற்றது, ‘வேகம்’ திசையுள்ளது. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் திசையற்றது ‘வேகம்’, திசையுள்ளது ‘திசைவேகம்’. யாழ்ப்பாணத்து ஆசிரியர் ஒருவர் ‘வேகம் ஒரு காவி’ (திசையும் உள்ள கணியம்) என்று சொன்னால் கீழே மதுரையிலிருந்து ஒருவர் ‘தவறு ஐயா, அது திசைவேகம்’ என்று எழுதுவார். உடனே இங்கிருந்து பத்துப் பேர் பாய்வார்கள். ஒட்சிசன், ஆக்சிஜன், இரசாயனவியல், வேதியியல், பௌதிகவியல், இயற்பியல் என்று இந்தப் பட்டியல் நீளும் (மேலே நானே ‘இயற்பியல்’ என்று எழுதியிருக்கிறேன், அதற்கும் ஒரு பின்னூட்டம் வரும்). இப்படிக் குவியும் பின்னூட்டங்கள் பாடத்தைப் பற்றியவை அல்ல, ஆசிரியரைப் பற்றியவையும் அல்ல. மொழியைப் பற்றியவை. இது இன்று தொடங்கிய வழக்குமல்ல. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்து நூல்களையும் பெயர்த்தபோது, ஒவ்வோர் உறுப்புக்கும் ஒவ்வொரு நோய்க்கும் என்ன பெயர் வைப்பது என்று முடிவெடுக்க வேண்டியிருந்தது. அந்தக் கேள்வி பாடக் காணொளிகளின் அடியில் இன்னமும் நடந்துகொண்டிருக்கிறது.

ஆகவே ‘எதை நோக்கி’ என்ற நிரலில் பாடப்பொருள், ஆசிரியர், மொழி, ஒலியும் படமும், மற்றப் பின்னூட்டக்காரர், கல்வி அமைப்பு என்று ஆறு வையுங்கள். பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளியைத் திட்டி ஒருவர் அரைப் பக்கம் எழுதியிருந்தால் அதன் கோபம் முழுவதும் ஆறாவதற்குப் போகும், காணொளியின் தலையில் விழாது. பெண் விரிவுரையாளர்களின் காணொளிகளை ஆராய்பவர்கள் ஏழாவதாக ‘தோற்றம்’ என்று ஒன்றைச் சேர்க்க நேரும். சேலையையும் குரலையும் புகழ்ந்துவிட்டுப் பாடத்தைப் பற்றி ஒரு சொல்லும் எழுதாத பின்னூட்டத்தைப் பாராட்டுப் பெட்டியில் போட்டால், அந்த விரிவுரையாளர் அனுபவிப்பது என்னவென்று உங்கள் ஆய்வு சொல்லவே சொல்லாது.

விளிப்பைக் கேளுங்கள்

இனி நான் சொல்ல வந்த விடயத்துக்கு வருகிறேன். நம்மவர் பின்னூட்டங்களில் உணர்ச்சி பெயரடைகளில் இருப்பது குறைவு. யார் யாரை எப்படி விளிக்கிறார் என்பதில்தான் அதிகம் இருக்கிறது.

யாழ்ப்பாணத் தமிழில் ‘நீங்கள்’, ‘நீர்’, ‘நீ’ என்று மூன்று படிகள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. வயதில் மூத்தவர் இளம் விரிவுரையாளருக்கு ‘நீர் வடிவாக விளங்கப்படுத்துகிறீர், தம்பி’ என்று எழுதினால் அது தட்டிக்கொடுத்தல். அதே ‘நீர்’ ஒரு மாணவரிடமிருந்து ஆசிரியருக்குப் போனால் கன்னத்தில் அறைந்ததற்குச் சமம். வசனத்தின் மீதியில் ஒரு கடுஞ்சொல்லும் இருக்கத் தேவையில்லை. ‘தம்பி, முதலில் வாசித்துவிட்டு வாரும்’ என்பதில் எந்தச் சொல்லை அகராதியில் தேடினாலும் வசை கிடைக்காது. வசை ‘தம்பி’யிலும் ‘வாரும்’ என்ற ஏவலிலும் இருக்கிறது.

உகரச் சுட்டையும் பாருங்கள். மற்ற இடங்களில் பெரும்பாலும் மறைந்துபோன ‘உவர்’, ‘உது’, ‘உந்த’ எல்லாம் இங்கே வழங்குகின்றன. ‘அவருக்கு என்ன தெரியும்?’ என்பது கேள்வியாகவும் இருக்கலாம். ‘உவருக்கு என்ன தெரியும்?’ என்பதில் எழுதியவரின் உதடு கோணுவதை நான் பார்த்துவிடுகிறேன்.

மறுதலையாக, மிகையான மரியாதை வரும்போதும் எச்சரிக்கையாக இருங்கள். மறுத்தெழுதுவது இந்த மண்ணின் பழைய கலை. 1841இல் உதயதாரகை பத்திரிகை வெளிவரத் தொடங்கியது. 1849இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் நிறுவினார். பாதிரிமார் ஒரு துண்டுப்பிரசுரம் போட்டால் சைவர்கள் கண்டனம் போட்டார்கள், கண்டனத்துக்கு மறுப்பு வந்தது. வணக்கம் சொல்லி, ‘தாங்கள்’ என்று விளித்து, ‘அறியாமல் கேட்கிறேன்’ என்று பணிந்து, அதற்குப் பிறகு வெட்டுவது இங்கே இன்றும் வழங்கும் நடை. ‘மதிப்புக்குரிய கலாநிதி அவர்களே, சிறியேனின் ஐயம் ஒன்று’ என்று தொடங்கும் பின்னூட்டத்தைக் கேள்விப் பெட்டியில் போடுமுன் கடைசி வரிவரை வாசியுங்கள்.

சொற்களிலும் சில கண்ணிகள். ‘புளுகம்’ இங்கே மகிழ்ச்சி. வேர்ச்சொல் வெட்டும் கருவி அதைப் ‘புளுகு’ ஆக்கி, பொய் என்று எழுதிவிடும். ‘சேர் பேசினார்’ என்றால் திட்டினார். உரையாடினார் என்பதற்கு நமக்குக் ‘கதைத்தார்’ இருக்கிறது. ‘நன்றாக விளங்கும்’ என்பது இங்கே நேர்ப்பொருள். தமிழ்நாட்டுப் பேச்சில் ‘உருப்பட்டாற்போலத்தான்’ என்ற நக்கலாகவும் வரும். ‘திறம்’ என்று ஒற்றைச் சொல் வந்தால் அது முழுப் பாராட்டு. ‘ஓம்’ என்றால் ஆம். பக்கத்தில் கூப்பிய கை இருந்தாலும் மந்திரமல்ல. உங்கள் தரவில் அகப்படுவதை இப்படியொரு தனித்தாளில் எழுதிக்கொண்டே போங்கள். ஆய்வு முடியும்போது அந்தத் தாள்தான் அதன் மிகப் பெறுமதியான பக்கமாக இருக்கும் என்று பந்தயம் கட்டுவேன்.

இரண்டு பேர், இரண்டு அறைகள்

நீங்கள் தனியாகப் போட்ட பெட்டிகளை யாரும் நம்பத் தேவையில்லை. இன்னொருவரும் அதே பின்னூட்டங்களை, நீங்கள் போட்டதைப் பார்க்காமல், உங்களைக் கேட்காமல், தனியே வகைப்படுத்த வேண்டும். முடிந்தால் வேறு ஊர்க்காரராக இருக்கட்டும். மட்டக்களப்பிலிருந்தோ மலையகத்திலிருந்தோ ஒருவர் வந்தால் ‘இது எனக்குக் கோபமாகத் தெரியவில்லையே’ என்று நீங்கள் எதிர்பாராத இடத்தில் சொல்வார்.

எவ்வளவு ஒத்துப்போனீர்கள் என்பதை அளக்க ஜேக்கப் கோஹன் 1960இல் முன்வைத்த கப்பா அளவை உண்டு. தற்செயலாக ஒத்துப்போகக்கூடிய பங்கை அது கழித்துவிடுகிறது. கணக்கைச் சுருக்க மூன்று பெட்டிகள் மட்டும் என்று வையுங்கள். 200 பின்னூட்டங்களில் 160இல் நீங்களும் நண்பரும் ஒரே பெட்டி போட்டால் உடன்பாடு 0.80. நீங்கள் மூன்று பெட்டிகளையும் 60, 20, 20 சதவீதமாகவும் அவர் 50, 25, 25 சதவீதமாகவும் பயன்படுத்தியிருந்தால், கண்ணை மூடிப் போட்டிருந்தாலும் 0.30, 0.05, 0.05 சேர்ந்து 0.40 ஒத்திருக்கும். 0.80இலிருந்து 0.40ஐக் கழித்து, மிச்சத்தை 0.60ஆல் (1இலிருந்து அதே 0.40 போக மிஞ்சுவது) வகுத்தால் 0.67. முதல் முயற்சிக்கு நல்ல எண். 0.40க்குக் கீழே போனால் பெட்டிகளின் வரைவிலக்கணம் தெளிவாக இல்லை என்று பொருள். நண்பரைக் குற்றம் சொல்லாமல் வரைவிலக்கணத்தைத் திருத்துங்கள்.

பிணக்கு வந்த பின்னூட்டங்களை ஒரு தேநீரோடு உட்கார்ந்து பேசுங்கள். ஆனால் எல்லாவற்றையும் வலிந்து ஒன்றாக்க வேண்டாம். இருவர் இரண்டு விதமாக வாசிக்கக்கூடிய ஒரு பின்னூட்டம், எழுதியவரே அப்படி எழுதியதாகவும் இருக்கலாம்.

கருவியை இப்போது எடுங்கள்

கருவிகளே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பத்தாயிரம் பின்னூட்டங்களை எவரும் கையால் வகைப்படுத்த முடியாது. ஆனால் எந்தக் கருவி எதைத் தின்று வளர்ந்தது என்று பாருங்கள். தமிழும் ஆங்கிலமும் கலந்த பின்னூட்டங்களின் உணர்ச்சிக்காக 2020இல் வெளியான, பரவலாகப் பயன்படும் தரவுத்தொகுப்பில் 15,744 யூடியூப் பின்னூட்டங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் குறைந்தது மூன்று பேர் வகைப்படுத்தியிருக்கிறார்கள். கலவையான உணர்ச்சிக்கும் தனிப்பெட்டி வைத்திருக்கிறார்கள். கவனமான வேலை. ஆனால் அவை திரைப்பட முன்னோட்டங்களுக்கு வந்த பின்னூட்டங்கள். நடிகரின் ரசிகர் எழுதும் தமிழில் பழகிய கருவியிடம் ‘மூல் பின்னம் எப்படி வந்தது சேர்?’ என்பதைக் கொடுத்தால் அது என்ன செய்யும், பாவம்.

எக்ஸ்எல்எம்-ரொபெர்ட்டா போன்ற, பல மொழிகளில் பழக்கிய செயற்கை நுண்ணறிவு மாதிரிகளுக்குத் தமிழும் தெரியும். நீங்கள் கையால் வகைப்படுத்திய 400இல் ஒரு பகுதியைக் கொடுத்துப் பழக்கி, அது பார்க்காத மற்றப் பகுதியில் சோதியுங்கள். மொத்தத் துல்லியத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். தரவில் 80 சதவீதம் பாராட்டாக இருந்தால், எல்லாவற்றையும் பாராட்டு என்று சொல்லும் மண்பொம்மைக்கும் 80 சதவீதத் துல்லியம் உண்டு. நக்கலில் எத்தனை பிடித்தது, கேள்வியில் எத்தனை தவறவிட்டது என்று பெட்டி பெட்டியாகப் பாருங்கள்.

பெயர்கள்

இது சுருக்கம், ஆனால் தவிர்க்க முடியாதது. பயனர் பெயர்களை முதல் நாளே நீக்கி எண் கொடுங்கள். எழுதுபவர்களில் பலர் பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் என்பதை மறவாதீர்கள். இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பல்கலைக்கழக ஆய்வென்றால் ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதியைத் தரவு எடுக்குமுன் கேளுங்கள், எடுத்த பிறகல்ல. பெயரை நீக்கினாலும் பின்னூட்டத்தை அப்படியே மேற்கோள் காட்டினால் தேடுபொறியில் இட்டு ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். அதனால்தான் இங்கே எல்லாவற்றையும் மாற்றி எழுதினேன். ஊர் சிறியது. ‘கோண்டாவில் பக்கத்து மாணவி’ என்று எழுதினாலே போதும், மாலைக்குள் வீடு தெரிந்துவிடும்.

திருப்பிக் கொடுத்தல்

ஆய்வேட்டை எழுதினாலும் எழுதாவிட்டாலும், காணொளி போட்டவருக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். அதில் வரைபடம் வேண்டாம். எந்த நிமிடத்தைப் பற்றி எத்தனை கேள்விகள் வந்தன, எந்தக் கலைச்சொல்லில் சண்டை நடந்தது, பதில் இல்லாமல் கிடக்கும் கேள்விகள் எவை என்பவை போதும்.

நம் இரசாயனவியல் ஆசிரியருக்கும் அப்படித்தான் கொடுத்தேன். சிவப்பு நிறத்தை எல்லாம் கையால் மீண்டும் பார்த்தபோது குறை என்று மிஞ்சியவை ஒரு கைவிரலுக்குள் அடங்கின, அதிலும் இரண்டு ஒலிவாங்கியைப் பற்றியவை. ஆனால் பதினான்காம் நிமிடத்தைச் சுற்றிக் கேள்விகள் குவிந்து கிடந்தன. அங்கே அவர் ஒரு படியைச் சொல்லாமல் தாண்டியிருந்தார். அந்தப் பகுதியை மறுபடி பதிவுசெய்து ஏற்றினார். புதிய காணொளிக்கு முதலில் வந்த பின்னூட்டம் இது: "சேர், பழையதில் சொன்ன பகிடியை ஏன் எடுத்துவிட்டீர்கள்?" நான் அதைப் பாராட்டு என்று போட்டேன், நண்பர் நொட்டை என்று போட்டார். இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.